கதவு எண்ணை வைத்துப் பழைய சென்சஸில் ஆளைத் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அந்தக் காலத்தில் வீடு வீடாகப் போய் எழுதிய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களைப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதில் பெயரை வைத்துத் தேடிக் கிடைக்காமல், கையில் ஒரு பழைய முகவரி மட்டும் மிஞ்சியவர்கள் கேட்ட கேள்விகள் இவை.

பெயரைப் போட்டாலே வந்துவிடுகிறதே, முகவரி எதற்கு?

வந்துவிட்டால் நல்லது, அதோடு முடித்துக்கொள்ளலாம். வராதபோதுதான் முகவரி.

ஏன் வராமல் போகிறது என்று பாருங்கள். கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று காதில் விழுந்ததை எழுதினார். பதில் சொன்னவருக்கு ஆங்கிலம் சரளமாக வராமல் இருந்திருக்கலாம். வீட்டில் ஆள் இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருக்கலாம். அந்தக் கையெழுத்தைப் பல பத்தாண்டுகள் கழித்து இன்னொருவர் படித்து அட்டவணை போட்டார். இப்போது பல இடங்களில் கணினியே படிக்கிறது. ஒரு பெயர் இப்படி இரண்டு கை மாறினால் உருத்தெரியாமல் போவதில் ஆச்சரியம் இல்லை.

1851இல் லண்டன் சோஹோ பகுதியில், டீன் தெரு 28ஆம் எண் வீட்டில் கார்ல் மார்க்ஸ் குடும்பத்தோடு குடியிருந்தார். அந்த ஆண்டு சென்சஸ் தாளில் அவர் பெயர் ‘சார்லஸ் மார்க்’. கார்ல் மார்க்ஸ் என்று எழுத்துப் பிசகாமல் தேடுகிறவருக்கு அவர் அகப்பட மாட்டார். டீன் தெருவைத் திறந்து 28ஆம் எண்ணைப் பார்க்கிறவருக்கு அகப்படுவார். உலகம் அறிந்த பெயருக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் பெயரைக் கேட்கவே வேண்டாம்.

இன்னொரு லாபமும் உண்டு. பெயர் வழியாகப் போனால் ஒரு குடும்பத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம். முகவரி வழியாகப் போனால் தெருவையே பார்ப்போம். எதிர்வீட்டில் மாமியார், மூன்றாம் வீட்டில் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் என்று வரிசையாகத் தெரியவருவார்கள்.

எந்த ஆண்டுவரை பார்க்க முடியும்?

அமெரிக்காவில் 72 ஆண்டு கழித்துத் திறப்பார்கள். 1950ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஏப்ரல் 1 அன்று வெளிவந்தன. அடுத்தது 1960, அதற்கு 2032 வரை பொறுத்திருக்க வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸில் 100 ஆண்டுக் கணக்கு. 1921ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஜனவரியில் வந்தன.

நடுவில் பெரிய ஓட்டைகள் இருக்கின்றன. இவை தெரியாமல் வாரக்கணக்கில் தேடியவர்கள் உண்டு. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுத் தாள்களில் பெரும்பகுதி 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் சேதமானது. மிஞ்சியதையும் பிறகு அரசே அழித்துவிட்டது. இங்கிலாந்து, வேல்ஸின் 1931ஆம் ஆண்டுத் தாள்கள் 1942 டிசம்பரில் மிடில்செக்ஸ் பகுதியின் ஹேய்ஸ் ஊரில் எரிந்துபோயின. 1941இல் போர் நடந்ததால் கணக்கெடுப்பே இல்லை. ஆக, இங்கிலாந்தில் 1921ஐத் தாண்டினால் 1951தான். அது 2052இல்தான் திறக்கும். நடுவில் ஒரே ஆறுதல் 1939 பதிவேடு. அதைப் பிறகு பார்ப்போம்.

கூகுள் வரைபடத்தில் போடுவதுபோலத் தெருவும் எண்ணும் போட்டால் வீடு வந்துவிடாதா?

சில தளங்களில், சில ஆண்டுகளுக்கு மட்டும் வரும். பிரிட்டனின் தாள்களை வைத்திருக்கும் ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் முகவரித் தேடல் என்று தனியாகவே இருக்கிறது. அமெரிக்கத் தாள்களுக்கு அப்படி நேரடி வழி பெரும்பாலும் கிடையாது. அட்டவணை போட்டவர்கள் பெயர், வயது, பிறந்த இடம் இவற்றைத்தான் முக்கியமாக எடுத்தார்கள். பல ஆண்டுகளுக்குக் கதவு எண்ணைத் தொடவே இல்லை.

இங்கேதான் ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். சென்சஸ் தாள்கள் அகரவரிசையில் அடுக்கப்பட்டவை அல்ல, கதவு எண் வரிசையிலும் இல்லை. ஒரு மனிதர் நடந்த வரிசையில் இருக்கின்றன. ஒருவர் குறிப்பிட்ட நாட்களுக்குள் நடந்து முடிக்கக்கூடிய பகுதியை ஒரு வட்டாரமாகப் பிரித்து, அதற்கு ஒரு எண் கொடுத்து, அவர் கையில் தாள்களைக் கொடுத்து அனுப்பினார்கள். அமெரிக்காவில் 1880 முதல் இதற்கு எனுமரேஷன் டிஸ்ட்ரிக்ட் என்று பெயர், சுருக்கமாக ஈ.டி. (ஈ.டி. என்றதும் ரெய்டு நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை.)

அதனால் முகவரித் தேடல் என்பது இரண்டு படி வேலை. முதலில் முகவரியை ஈ.டி. எண்ணாக மாற்ற வேண்டும். அப்புறம் அந்த ஈ.டி.யின் தாள்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டி வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். இதை விளங்கிக்கொண்டால் மீதியெல்லாம் பொறுமைதான்.

சரி, முகவரியை ஈ.டி. எண்ணாக மாற்றுவது எப்படி?

ஸ்டீவ் மோர்ஸ் என்பவரின் ‘ஒன் ஸ்டெப்’ தளத்துக்குப் போங்கள். இன்டெல் நிறுவனத்தின் 8086 கணினிச் சில்லை வடிவமைத்த அதே மோர்ஸ்தான். ஜோயல் வைன்ட்ராப் என்பவரோடும் தன்னார்வலர்களோடும் சேர்ந்து, எந்தத் தெரு எந்த ஈ.டி.யில் வருகிறது என்று ஊர் ஊராகத் தொகுத்திருக்கிறார். காசு கிடையாது. தளம் பார்க்கப் பழைய பாணியில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஓடிவிடாதீர்கள்.

ஆண்டு, மாநிலம், மாவட்டம், ஊர், தெரு என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தெரு தொடும் ஈ.டி. எண்கள் எல்லாம் வரும். சின்னத் தெருவாக இருந்தால் ஒன்றிரண்டோடு நின்றுவிடும். நியூயார்க்கில் ஒரு நீண்ட அவென்யூ என்றால் எண்கள் கொத்துக் கொத்தாக வந்து விழும். அப்போது உங்கள் வீட்டுக்கு முன்னும் பின்னும் வரும் குறுக்குத் தெருக்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள். சேர்க்கச் சேர்க்கப் பட்டியல் சுருங்கும். குறுக்குத் தெரு தெரியாவிட்டால் இன்றைய வரைபடத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

1940, 1950 ஆண்டுகளில் ஈ.டி. எண் இரண்டு பகுதியாக, நடுவில் கோடு போட்டு இருக்கும். கோட்டுக்கு முன்னால் உள்ளது மாவட்டத்துக்கான எண். நியூயார்க் நகரில் மன்ஹாட்டனுக்கு 31, புரூக்ளினுக்கு 24, பிராங்க்ஸுக்கு 3. உங்கள் தெரு புரூக்ளினில் இருக்க, கிடைத்த எண் 31 என்று தொடங்கினால் எங்கோ தவறான பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள் என்று பொருள். ஒரே பெயரில் தெரு இரண்டு பகுதியிலும் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: ஈ.டி. எண் ஒவ்வொரு கணக்கெடுப்புக்கும் மாறும். 1930இல் கண்டுபிடித்த எண்ணை 1940க்குக் கொண்டுபோகாதீர்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வசதியும் மோர்ஸ் தளத்தில் இருக்கிறது.

எண் கிடைத்ததும் 1950க்கு அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்திலேயே ஈ.டி. எண்ணைப் போட்டுத் தாள்களைத் திறக்கலாம். மற்ற ஆண்டுகளுக்கு ஃபேமிலிசர்ச், ஆன்செஸ்ட்ரி போன்ற தளங்களில் மாநிலம், மாவட்டம், ஈ.டி. என்று படிப்படியாக உள்ளே போகும் வழி இருக்கிறது. தேடல் பெட்டியை மறந்துவிட்டு, ‘படங்களைப் புரட்டு’ என்ற பாதையில் போக வேண்டும்.

ஒரே தெருவின் ஒரு பக்க வீடுகள் இருக்கின்றன, எதிர்ப்பக்கம் இல்லை. ஏன்?

கணக்கெடுப்பாளர் தெருவைப் பிடித்து நேராக நடக்கவில்லை. கட்டடத் தொகுதியைச் சுற்றி நடந்தார். அவருக்குக் கொடுத்த உத்தரவு அப்படி: ஒரு மூலையில் தொடங்கு, வலப்பக்கமாகவே போ, மூலை வந்தால் திரும்பு, சந்து வந்தால் உள்ளே போய் வா, தொடங்கிய இடத்துக்கு வந்தபிறகு அடுத்த தொகுதிக்குப் போ. கோயில் பிராகாரம் சுற்றுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் தாளில் ஒரு தெருவின் ஒற்றைப்படை எண்கள் ஐந்தாறு வந்ததும் சட்டென்று வேறு தெருப் பெயர் வரும். இன்னும் இரண்டு திருப்பம் கழிந்தால் தொகுதி முடிந்திருக்கும். உங்கள் தெருவின் இரட்டைப்படை எண்கள் எதிர்த் தொகுதியைச் சேர்ந்தவை. அவை பத்துப் பக்கம் தள்ளி வரலாம். தெருவின் நடுக்கோடே இரண்டு ஈ.டி.களுக்கு எல்லையாக இருந்தால், எதிர்ப்பக்கம் வேறொரு ஈ.டி.யில், வேறொருவர் கையெழுத்தில் இருக்கும்.

இது தெரிந்தபிறகு வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புரட்டினால் அந்த மனிதர் எந்த மூலையில் திரும்பினார் என்பதுகூடத் தெரியும். எனக்கு இந்த வேலையில் பிடித்ததே இதுதான்.

பக்கத்தைத் திறந்துவிட்டேன். வீட்டு எண் எது என்றே தெரியவில்லை.

1940ஆம் ஆண்டுத் தாளை எடுத்துக்கொள்வோம். அகலமான தாள், ஒரு பக்கத்துக்கு 40 வரி. ஈ.டி. எண் மேலே வலது மூலையில். இடது ஓரத்தில் தெருப் பெயரைச் செங்குத்தாக, தலையைச் சாய்த்துப் படிக்கும்படி எழுதியிருப்பார்கள். அதையடுத்த கட்டத்தில் கதவு எண். அதற்கும் அடுத்த கட்டத்தில் இன்னொரு எண் இருக்கும். அதுதான் எல்லாரையும் ஏமாற்றுவது. அது வீட்டின் எண் அல்ல, அவர் போய்வந்த குடும்பங்களின் வரிசை எண். முதலில் தட்டிய கதவு 1, அடுத்தது 2, இப்படி. 14ஆம் எண் வீட்டைத் தேடுகிறவர் பதினாலாவதாகத் தட்டிய வீட்டைப் பிடித்துக்கொண்டு ‘கிடைத்துவிட்டது’ என்று கொண்டாடுவது அடிக்கடி நடக்கிறது.

1850 முதல் 1870 வரையிலான அமெரிக்கத் தாள்களில் இந்த வரிசை எண் மட்டும்தான் இருக்கும். நகரங்களில் தெருப் பெயரும் கதவு எண்ணும் எழுதத் தொடங்கியது 1880இல். அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு அமெரிக்காவில் முகவரித் தேடல் என்று எதுவும் இல்லை. அக்கம்பக்கத்துப் பெயர்களை வைத்து ஊகிப்பதுதான்.

1940 தாளுக்கு வருவோம். வரிசை எண்ணை அடுத்து சொந்த வீடா வாடகை வீடா, வீட்டின் மதிப்பு அல்லது மாத வாடகை எவ்வளவு என்று இருக்கும். அப்புறம்தான் பெயர்கள். ஒரு பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் பெருக்கல் குறி தெரிந்தால், கேள்விகளுக்குப் பதில் சொன்னவர் அவர்தான். வயது இரண்டு மூன்று தப்பாக இருக்கிறதே என்று குழம்புவதற்கு முன்னால் இந்தக் குறி யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். மருமகள் சொன்ன மாமனார் வயது வேறு எப்படி இருக்கும்?

ஈ.டி. முழுக்கப் புரட்டிவிட்டேன். அந்தக் கதவு எண் மட்டும் இல்லை.

உண்மையிலேயே முழுக்கப் புரட்டினீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். முதல் தடவை போனபோது ஆள் இல்லாத வீடுகளை மறுபடி போய்ப் பார்த்து, ஈ.டி.யின் கடைசியில் தனித் தாள்களில் எழுதினார்கள். 1940இல் இந்தத் தாள்களுக்கு எண் 61இலிருந்து தொடங்கும், 1950இல் 71இலிருந்து. வழக்கமான தாள்கள் இருபதாவதோடு முடிந்து, அடுத்த படம் 61 என்று காட்டினால் நடுவில் எதுவும் தொலைந்துவிடவில்லை. அங்கேதான் உங்கள் வீடு இருக்கப் போகிறது. 1950 தாள்களில் சில இடங்களில் ‘ஆள் இல்லை, 71ஆம் தாளில் பார்’ என்று கணக்கெடுப்பாளரே எழுதிவைத்திருப்பார், புண்ணியவான்.

1940இல் ஓட்டலிலும் விடுதிகளிலும் ஓரிரவு தங்கியவர்களுக்கு 81இலிருந்து எண் போட்டார்கள். ஆள் ஊர்சுற்றும் வேலையில் இருந்தவர் என்றால் அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

அங்கேயும் இல்லையென்றால் பக்கத்து ஈ.டி.யைப் பாருங்கள். எல்லையோரத்து வீடுகளை அடுத்தவர் எழுதிக்கொள்வார் என்று இருவரும் விட்டுவிட்டதும் நடந்திருக்கிறது, இருவரும் எழுதியதும் நடந்திருக்கிறது.

பிரிட்டனில் இதே முறைதானா?

நடந்த வரிசையில் எழுதுவது அதேதான். அடையாளம் மட்டும் வேறு. 1841 முதல் 1901 வரை கணக்கெடுப்பாளரின் புத்தகங்கள்தான் கிடைக்கின்றன. வீட்டுக்காரர் நிரப்பிக் கொடுத்த படிவத்தைப் பார்த்து அவர் புத்தகத்தில் பெயர்த்து எழுதியவை. ஒவ்வொரு புத்தகத்தின் தொடக்கத்திலும் அவர் எங்கே தொடங்கி எந்தத் தெருக்கள் வழியாகப் போனார் என்ற விவரம் இருக்கும். பலர் அதைத் தாண்டிவிட்டு நேராகப் பெயர்களுக்குப் போகிறார்கள். அந்த ஒரு பக்கத்தைப் படித்தால் உங்கள் தெரு இந்தப் புத்தகத்தில் உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும். பெரிய நகரங்களுக்குத் தெரு அட்டவணைகளும் போட்டுவைத்திருக்கிறார்கள்.

காப்பகத்தின் ஆவண எண் இப்படி இருக்கும் (எச்.ஓ., ஆர்.ஜி. என்பவை தொகுப்பின் பெயர்ச் சுருக்கம்): 1841க்கும் 1851க்கும் எச்.ஓ. 107, 1861க்கு ஆர்.ஜி. 9, அதிலிருந்து பத்தாண்டுக்கு ஒன்று கூடி 1901க்கு ஆர்.ஜி. 13, 1911க்கு 14, 1921க்கு 15. அதன்பிறகு ‘பீஸ்’ எண் (தொகுப்புக்குள் ஒரு கட்டின் எண்), தாள் எண், பக்க எண்.

ஒரே கட்டடத்தில் நாலு குடும்பம் இருந்தால் எங்கே வீடு முடிகிறது? பெயர்களுக்கு இடது ஓரத்தில் சாய்கோடுகளைப் பாருங்கள். இரட்டைச் சாய்கோடு என்றால் ஒரு வீடு முடிந்து அடுத்தது தொடங்குகிறது. ஒற்றைச் சாய்கோடு என்றால் அதே வீட்டுக்குள் அடுத்த குடும்பம். லண்டன் ஒண்டுக்குடித்தனங்களில் இந்தக் கோடுகள் இல்லாமல் எதுவும் புரியாது.

1841 மட்டும் சற்று ஏமாற்றம் தரும். பெயர் எழுதிய முதல் கணக்கெடுப்பு அது. கதவு எண் அரிதாகத்தான் இருக்கும், பல இடங்களில் தெருப் பெயரோடு சரி. பெரியவர்களின் வயதையும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 29 வயதுக்காரர் அதில் 25.

1911 மாறான அனுபவம். வீட்டுக்காரர் தம் கையால் நிரப்பிய படிவமே கிடைக்கிறது. கீழே வலப்பக்கம் கையெழுத்தும் அதனடியில் அஞ்சல் முகவரியும். தாத்தாவின் அப்பா எழுதிய எழுத்தை முதல்முறையாக அங்கே பார்த்தவர்கள் நிறையப் பேர்.

1939 பதிவேடு என்பது என்ன?

அது சென்சஸ் அல்ல. போர் தொடங்கியதும், அடையாள அட்டை கொடுப்பதற்காக 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்தது. முகவரி, பெயர், பிறந்த தேதி, தொழில் என்று சுருக்கமாக இருக்கும். முகவரித் தேடலுக்கு இதைவிட வசதியானது எதுவும் இல்லை. தெருவைப் போட்டால் வீடு வீடாகப் பார்க்கலாம்.

சில வரிகள் கறுப்பாக மறைக்கப்பட்டிருக்கும். பிறந்து நூறாண்டு ஆகாதவர்கள், இறந்ததாக உறுதியாகாதவர்கள் பெயர்களை அப்படி மூடியிருக்கிறார்கள். வீட்டில் மூன்று கறுப்பு வரி என்றால் பெரும்பாலும் மூன்று பிள்ளைகள். பின்னால் தேசிய சுகாதாரச் சேவையும் இதே ஏட்டைப் பயன்படுத்தியதால், கல்யாணமாகிப் போன பெண்களின் புதிய குடும்பப் பெயரைப் பழைய பெயருக்கு மேலே எழுதிவைத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு தடம் தொலைந்த பெண்களைத் தேடுகிறவர்களுக்கு இது புதையல்.

அயர்லாந்து?

1901, 1911 இரண்டும் அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசம். மாவட்டம், வட்டாரம், தெரு அல்லது ஊர்ப்பகுதி என்று சொடுக்கிக்கொண்டே போனால் வீடு வந்துவிடும். முகவரி வழியாகத் தேடிப் பழக இதைவிட எளிய இடம் இல்லை. குடும்பப் படிவத்தோடு வீட்டைப் பற்றிய படிவமும் உண்டு: சுவர் எதனால் ஆனது, கூரை எது, முன்பக்கம் எத்தனை ஜன்னல் என்பதுவரை. அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை.

தெருப் பெயரோ எண்ணோ பிறகு மாறியிருந்தால்?

மாறியிருக்கும் என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ‘பழைய எண், புதிய எண்’ என்று இரண்டையும் பலகையில் எழுதிவைக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சிகாகோவில் 1909இல் ஊர் முழுக்கக் கதவு எண்களை மாற்றினார்கள். நகர மையத்தில் மட்டும் 1911இல். ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் இடத்தைச் சூன்யமாக வைத்து எண்ணத் தொடங்கிய முறை அது. எனவே 1905இல் வந்த கடிதத்தின் முகவரியை 1910 சென்சஸில் தேடினால் வேறு யார் வீட்டுக்கோ போய் நிற்பீர்கள். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்ட பட்டியல் அப்போதே வந்தது. அதன் படம் இணையத்தில் கிடைக்கிறது.

லண்டனில் வேறு சிக்கல். ஊர் விரிந்தபோது ஒரே பெயரில் தெருக்கள் பெருகிவிட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அவற்றுக்குப் பெயர் மாற்றிக்கொண்டே வந்தார்கள். 1930களில்கூட ஒரு பெரிய சுற்று நடந்தது. ஒரு நீண்ட சாலையில் நாலு வீடு சேர்ந்து தனக்கென்று ஒரு பெயரும் 1, 2, 3, 4 என்று தனி எண்ணும் வைத்திருக்கும். பிறகு எல்லாவற்றையும் சாலைப் பெயரில் சேர்த்து எண் போட்டார்கள்.

இதற்கு மருந்து பழைய வரைபடம். அமெரிக்காவுக்குச் சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடங்கள் இருக்கின்றன. கட்டடம் கட்டடமாக வரைந்து கதவு எண்ணும் போட்டிருக்கும். காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் பார்க்கலாம். பிரிட்டனுக்கு ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளம். வீடு இடிந்து நெடுஞ்சாலை வந்திருந்தாலும் இந்த வரைபடங்களில் அது நின்றுகொண்டிருக்கும். எண் மாறினாலும் மாறாத ஒன்றைப் பிடித்துக்கொள்வது என் வழக்கம்: மூலையில் ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு மதுக்கடை. அதிலிருந்து எத்தனையாவது வீடு என்று எண்ணினால் போதும்.

முகவரியே தெரியாதே, எங்கே எடுப்பது?

பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்கள் முதல் இடம். பழைய கடித உறைகளைத் தூக்கி எறியாதவர் வீட்டில் இருந்தால் அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இரண்டு உலகப் போர்களுக்கும் ஆண்களைப் பதிவு செய்த அட்டைகளில் வீட்டு முகவரி இருக்கிறது. கப்பல் பயணிகள் பட்டியல்களில், யாரைத் தேடிப் போகிறாய் என்ற கேள்விக்கு எதிரே உறவினரின் பெயரும் முகவரியும் எழுதியிருக்கும்.

ஆனால் இந்த வேலைக்கென்றே பிறந்ததுபோல இருப்பவை நகர டைரக்டரிகள். தொலைபேசிப் புத்தகத்துக்கு முன்னோடி. பெயர், தொழில், முகவரி என்று அகரவரிசையில் பெரும்பாலும் ஆண்டுதோறும் வந்தவை. சிலவற்றில் பின்பாதி தெருவாரியாக இருக்கும். எந்தக் குறுக்குத் தெரு எங்கே வெட்டுகிறது என்பதுவரை. சென்சஸ் ஆண்டுக்கு முந்தைய, பிந்தைய டைரக்டரிகள் இரண்டிலும் ஒரே முகவரி இருந்தால் ஆள் நடுவில் நகரவில்லை என்று ஓரளவு நம்பலாம்.

வீடு கிடைத்தது. அதில் வேறு யாரோ இருக்கிறார்கள்.

கணக்கெடுப்பு நாள் என்ன என்று முதலில் பாருங்கள். அமெரிக்காவில் 1900இல் ஜூன் 1, 1910இல் ஏப்ரல் 15, 1920இல் ஜனவரி 1, 1930 முதல் ஏப்ரல் 1. உங்கள் கையில் இருப்பது 1920 அக்டோபர் முகவரி என்றால் ஒன்பது பத்து மாத இடைவெளி. வாடகை வீட்டுக்காரர்களுக்கு அது தாராளமாகப் போதும், சாமானைக் கட்டிக்கொண்டு கிளம்ப.

1940 தாள் இதில் ஒரு உதவி செய்கிறது. 1935 ஏப்ரல் 1 அன்று எங்கே இருந்தீர்கள் என்றும் அதில் கேட்டார்கள். ஊர் மாறியவர்கள் என்றால் பழைய ஊர் பெயர் இருக்கும்.

இரண்டாவது, அந்த ‘வேறு யாரோ’வைச் சும்மா விடாதீர்கள். வீட்டுத் தலைவர் பெயர் புதிதாக இருந்தாலும் கீழே வாடகைக்கு அறை எடுத்தவர், மைத்துனர், மறுமணத்தில் வந்த பிள்ளை என்று உங்கள் ஆள் ஒளிந்திருக்கலாம். கடைசி வரிவரை படியுங்கள். பக்கம் முடிந்தால் அடுத்த பக்கத்தின் முதல் வரிகளையும் படியுங்கள். குடும்பங்கள் பக்கத்தைப் பார்த்து முடிவதில்லை.

ஆள் எங்கே படுத்திருந்தார் என்பதுதான் பிரிட்டன் சென்சஸுக்குக் கணக்கு, எங்கே குடியிருந்தார் என்பது அல்ல. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய எமிலி டேவிசன் இதை வைத்தே விளையாடினார். 1911 ஏப்ரல் 2ஆம் தேதி இரவு நாடாளுமன்றக் கட்டடத்தின் நிலவறைத் தேவாலயத்தில் ஒரு அலமாரிக்குள் ஒளிந்துகொண்டார். படிவத்தில் அவர் முகவரி வெஸ்ட்மின்ஸ்டர் மாளிகை என்று ஏறிவிட்டது. தங்கியிருந்த இடத்திலும் அவர் பெயரைச் சேர்த்துவிட்டதால் அந்த ஆண்டு அவருக்கு இரண்டு பதிவு. உங்கள் ஆளும் அன்றிரவு மருத்துவமனையிலோ கப்பலிலோ வேலைக்குப் போன வீட்டிலோ இருந்திருக்கலாம்.

கிராமமாக இருந்தால்?

கதவு எண்ணை மறந்துவிடுங்கள். அமெரிக்க நாட்டுப்புறத் தாள்களில் சாலைப் பெயர் இருந்தாலே அதிர்ஷ்டம். நிலப் பதிவுகளிலிருந்து அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் பெயரை எடுத்து அவர்களைத் தேடுங்கள். அவர்கள் பெயர் சரியாக எழுதப்பட்டிருந்தால் உங்கள் ஆள் நாலு வரி மேலேயோ கீழேயோ இருப்பார்.

இதற்கெல்லாம் பணம் கட்ட வேண்டுமா?

அமெரிக்கத் தேடலைப் பெரும்பாலும் காசில்லாமலே முடிக்கலாம். ஃபேமிலிசர்ச் தளத்தில் கணக்குத் தொடங்கினால் போதும். பிரிட்டனுக்கு 1881இன் பெயர்த்தெழுதிய பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 1911, 1921 படங்களுக்குச் சந்தா வேண்டும். முதலில் இலவச இடங்களில் முகவரியை உறுதி செய்துகொண்டு, ஒரு மாதச் சந்தா எடுத்து மொத்தமாகப் பார்த்துவிடுவது என் சிக்கனம்.

இந்திய சென்சஸில் இப்படித் தேட முடியுமா?

முடியாது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி கணக்கெடுப்புப் பதிவுகள் பொதுமக்கள் பார்வைக்கு இல்லை. இத்தனை ஆண்டு கழித்துத் திறப்போம் என்ற ஏற்பாடும் அதில் இல்லை. வெளிவருபவை மொத்தக் கணக்குகள்தான்.

கண்டுபிடித்ததை எப்படிக் குறித்துவைப்பது?

படத்தை மட்டும் சேமித்தால் அடுத்த மாதம் அது எந்த ஊர், எந்த ஆண்டு என்று உங்களுக்கே தெரியாது. அமெரிக்கா என்றால் ஆண்டு, மாநிலம், மாவட்டம், ஈ.டி., தாள் எண், வரி எண். பிரிட்டன் என்றால் ஆர்.ஜி. எண், பீஸ், தாள், பக்கம். கோப்பின் பெயரிலேயே இவற்றைப் போட்டுவிடுங்கள். உங்கள் வீடு இருக்கும் பக்கத்தோடு, முந்தைய இரண்டு, பிந்தைய இரண்டு பக்கங்களையும் இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு வருஷம் கழித்து வேறொரு சான்றிதழில் புதுப் பெயர் ஒன்று வரும். எங்கேயோ பார்த்ததுபோல இருக்கும். எடுத்துப் பார்த்தால் இரண்டு வீடு தள்ளி இருந்தவர்.